உப அதிபரின் அறையில் நான் மாற்றிச் சொன்னது

முதல் அடியை நான் பார்க்கவில்லை. என் லொக்கரின் கதவு முகத்துக்கு முன்னால் திறந்திருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது இரண்டாவது அடி விழுந்தது. ஒரு வெள்ளைக் காலுறை; அதன் நுனியில் பாரமாக ஏதோ தொங்கியது. அதைச் சுழற்றி அடித்தவன் என் வகுப்பில் படித்தவன். அடி வாங்கியவன் சுவரோடு சரிந்து வந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தான். வாயைப் பொத்தியிருந்த விரல்களுக்கு இடையால் இரத்தம் வழிந்தது. பிறகு இருமினான். முன்பல் ஒன்று நிலத்தில் விழுந்து தெறித்து என் லொக்கருக்கு அடியில் போய்விட்டது.

காலுறைக்குள் இருந்தது பூட்டு. வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடமே எங்கள் ஒவ்வொருவருக்கும் தருகிற எண் பூட்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளி. பெரிய வீதியின் ஓரத்தில் நீளமான செங்கல் கட்டடம், எதிரே டோனட் கடையும் சலவைக் கடையும் இருந்த சின்னப் பிளாசா, அதன் முன்னால் பஸ் தரிப்பிடம். நான் பதினைந்து வயதில் அங்கே வந்து சேர்ந்தேன். அப்பா ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை செய்தார். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். பள்ளிக்கூடத்து விஷயங்கள் எல்லாம் அம்மாவின் தலையில்.

நான் வந்த வருடம் தமிழ்ப் பொடியன்களுக்கு அடித்தவர்கள் வெள்ளைக்காரப் பொடியன்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்து அவன் தலையிலேயே கவிழ்த்தார்கள். இன்னொருவனைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் தலையைக் கோப்பைக்குள் அமுக்கித் தண்ணீரை இழுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் எங்களுடைய பொடியன்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒருநாள் ஹொக்கி மட்டைகளோடு நின்றார்கள். மூன்று வெள்ளைக்காரப் பொடியன்களுக்குக் கை உடைந்தது. அதற்குப் பிறகு எங்களை எவரும் தொடவில்லை. சேர்ந்த கூட்டமும் கலையவில்லை. வீதிக்கு இந்தப் பக்கத்து மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் ஒரு பகுதி, அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் மற்றப் பகுதி என்று இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே அடிக்கத் தொடங்கினார்கள். ஒருவன் மற்றவனை முறைத்துப் பார்த்தது போதும். சில நாட்களில் அதுவும் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்ததால் என் ஆங்கிலம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் அந்தப் பள்ளிக்கூடம் எனக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை தந்திருந்தது. தமிழ்ப் பிள்ளை ஒன்று வகுப்புக்கு வராவிட்டால், சண்டை போட்டால், தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரையும் பிழையாக உச்சரித்துக் கூப்பிடுவார்கள். நான் வகுப்பிலிருந்து எழும்பிப் போய் உப அதிபரின் அறையில் நடுக்கதிரையில் இருந்து அவர் சொல்வதைத் தமிழிலும், பெற்றோர் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

உப அதிபருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அகலமான தோள். நல்ல மனிதர்.

பல் உடைந்தவன் படியில் தடக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டான். காட்டிக்கொடுப்பவன் என்ற பெயர் பல்லைவிடப் பெரிது. என்னையும் கேட்டார்கள். லொக்கருக்குள் புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தேன், எதையும் காணவில்லை என்றேன். ஆனாலும் அடித்தவன் யாரென்று உப அதிபருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை அவனையும் அவனுடைய தாயையும் கூப்பிட்டார். பிறகு என்னையும்.

அவனை நாங்கள் நெடுவல் என்போம். ஆறடிக்கு மேல் உயரம். தகப்பன் ஊரில் ஷெல் விழுந்து இறந்துபோனவர். தாய் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அன்றைக்கு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தலையில் போட்ட வலைத்தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் இருந்தது. கை விரல்கள் வெளிறிச் சுருங்கிப்போயிருந்தன.

"இனிமேல் இப்படி நடக்காது என்று உங்கள் மகன் எனக்கு உறுதி தரவேண்டும்" என்றார் உப அதிபர். "தந்தால் ஐந்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் நான் பொலிஸைக் கூப்பிடவேண்டி வரும்."

நான் தமிழில் சொன்னேன்.

"சொல்லடா" என்றார் தாய். "இனி நடக்காது எண்டு அவருக்குச் சொல்லு."

நெடுவல் நிலத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னான். சத்தம் போடவில்லை. "அவன் என்ரை அப்பாவைப் பற்றிக் கதைச்சவன் அம்மா. நான் விடமாட்டன். வெள்ளிக்கிழமை பிளாசாவிலை வைச்சு அவனை அடிச்சுக் கொல்லுவன்."

உப அதிபர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னான்?"

மேசைக்குக் கீழே நெடுவலின் தாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பிடித்தார், அவ்வளவுதான்.

"செய்தது பிழை என்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். இனிமேல் நடக்காது என்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அந்தக் கை ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் வீட்டில் 'கொல்லுவன்' என்ற சொல் நாளைக்குப் பத்துத் தரம் கேட்கும். பால் பொங்கி வழிந்தால் அம்மா என்னைக் கொல்லுவா. ரெலிபோனில் அதிக நேரம் கதைத்தால் கொல்லுவா. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் அந்த மனிதருக்குத் தப்பாக விளங்கும் என்று நினைத்தேன். ஆனால் நெடுவல் ஒரு நாளையும் ஓர் இடத்தையும் சொல்லியிருந்தான். அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதையும் நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டேதான் பொய் சொன்னேன்.

உப அதிபர் எழும்பி நெடுவலுக்குக் கை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பல் உடைந்தவனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் கடைசிப் பாடத்துக்கு நிற்காமல் பின்கதவால் வீட்டுக்குப் போய்விட்டான். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஆள் இல்லாவிட்டால் அடி இல்லை என்று நினைத்தேன்.

விஷயம் தெரியாதவன் ஒருவன் மட்டும் இருந்தான். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இரசாயன வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசை. எந்தப் பகுதியிலும் சேராதவன். எந்தப் பகுதியும் அவனைச் சேர்க்கவும் இல்லை, அவனுடைய பேச்சைப் பழித்துக்காட்டிச் சிரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டை நூலகத்துப் படிக்கட்டில் தனியாக இருந்து சாப்பிடுவான். அவனிடம் ஒரு நீல நிறக் குளிர்ச்சட்டை இருந்தது. பல் உடைந்தவனிடமும் அதே நீலத்தில் ஒன்று இருந்தது. அந்த வருடம் அந்தச் சட்டை மலிவு விற்பனையில் போனது. பாதிப் பேர் அதைத்தான் போட்டார்கள்.

மூன்றரை மணி. நவம்பர் மாதக் காற்று. நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். மட்டக்களப்புப் பையன் எனக்குப் பத்தடி முன்னால், அந்த நீலக் குளிர்ச்சட்டையின் தலைமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீதிப் பக்கமாகப் பார்த்தபடி நின்றான். சலவைக் கடைக்கு முன்னால் நின்ற காரின் மூன்று கதவுகள் ஒன்றாகத் திறந்தன. நெடுவல் முன்னுக்கு வந்தான். கையில் பேஸ்போல் மட்டை. அது உலோகம். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தான். அதனால் எனக்கு நேரம் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

முதல் அடி பக்கத்தலையில் விழுந்தது. பையன் முழங்காலில் இருந்தான். விழுந்தான் என்று சொல்ல முடியாது, யாரோ இருக்கச் சொன்னதுபோல மெதுவாக இருந்தான். தலைமூடி விலகியது.

அப்போதுதான் கத்தினேன். "உவன் அவனில்லை! டேய், உவன் அவனில்லையடா!"

நெடுவலுக்கு அது கேட்டது. கீழே இருந்த முகத்தைப் பார்த்தான். அதை நான் கண்டேன். மட்டை அதற்குள் உயர்ந்துவிட்டிருந்தது. அதை நிறுத்தியிருக்கலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது அதே இடத்தில் இரண்டாவது தரமும் விழுந்தது. கூட வந்த இரண்டு பேரும் விலா எலும்பில் உதைத்தார்கள். நெடுவல்தான் அவர்களை இழுத்தான். "ஐயோ, விடுங்கோடா, வேறை ஆள்" என்றான். மட்டை வீதியில் உருண்டு போனது. அவர்கள் காரை நோக்கி ஓடினார்கள்.

தரிப்பிடத்தில் நின்ற நாற்பது பேரும் பின்வாங்கினார்கள். நான் முன்னால் போனேன். பையனின் காதிலிருந்து இரத்தம் வந்தது, தண்ணீர் கலந்ததுபோல மெல்லியதாக. என் கழுத்துத் துணியை எடுத்து அழுத்தினேன். அழுத்தக்கூடாது என்று தெரியாது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"என்னத்துக்கு?" என்றான்.

பிறகு என் மடியிலேயே வாந்தி எடுத்தான்.

நெடுவலை மறுநாள் அவர்களுடைய வீட்டில் வைத்தே பொலிஸ் பிடித்தது. திங்கட்கிழமை முதல் மணி அடிக்க முன்னரே நான் உப அதிபரின் அறைக்குப் போனேன். இந்த முறை என்னை எவரும் கூப்பிடவில்லை. அவன் அன்றைக்குச் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று இரண்டையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"உன்னை அந்தக் கதிரையில் இருத்தியது நான்" என்றார். "உனக்குப் பதினேழு வயது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்."

அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அன்றைக்கே பொலிஸுக்கும் அதே கதையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து நெடுவலின் தாய் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மா உள்ளே வரச் சொன்னார். அவர் வரவில்லை. வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். காட்டிக்கொடுத்ததற்கு ஏசப்போகிறார் என்று நினைத்துப் போனேன்.

"பிள்ளை, நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "அண்டைக்குப் பொலிஸ் பிடிச்சிருந்தா ஒரு பல்லோடை போயிருக்கும். இண்டைக்கு என்ரை பிள்ளை ஒருத்தனைச் சாகக் கிடத்திப்போட்டு நிக்கிறான்."

"நீங்கள்தானே அன்ரி என்ரை கையைப் பிடிச்சனீங்கள்?"

"பிடிச்சனான். நான் தாய், பிடிப்பன். பிடிச்சா நீ ஏன் கேட்டு நடந்தனி?"

அவர் படியிறங்கிப் போனார். லிஃப்ட் வேலை செய்யாத நாள் அது. ஒன்பது மாடிக்கும் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது.

நெடுவல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வழக்கு விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இளைஞர்களை அடைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட கதை வெளியே வந்துவிட்டது. மேசையில் நான் போய் இருந்தால் மற்றவர்கள் எழும்பிப் போனார்கள். லொக்கர் கதவில் கீறி எழுதினார்கள். வீட்டு ரெலிபோனில் கூப்பிட்டு மூச்சு மட்டும் விட்டார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம், பெண்கள் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருத்தி கதவில் சாய்ந்து நின்றாள். நடுவில் வந்தவள் நெடுவலுக்கு மச்சாள் முறை. இன்னொருத்தி என் பையை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள்.

"பொலிஸுக்குப் போய்ச் சொல்லுவியாடி?" என்று மச்சாள் என் பின்னந்தலையைப் பிடித்துக் கண்ணாடியில் இடித்தாள். கண்ணாடி உடையவில்லை. என் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இரண்டாவது தரம் இடித்தபோது மூக்குக்குள் சூடாக ஏதோ இறங்கியது. மூன்றாவது தரத்துக்கு அவள் கையை எடுத்த நேரம் நான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. அவளுடைய பின்னலை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். தலையைக் கை கழுவும் தொட்டியின் விளிம்பில் அடித்தேன். புருவம் பிளந்தது. அவள் "விடு, விடு" என்று அழுதாள். விடவில்லை. இன்னுமொருமுறை அடித்தேன். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். எங்களை விலக்கிவிட எவரும் இல்லை. எனக்குக் கை வலித்தது, அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. "கொல்லுவன்டி" என்று கத்திக்கொண்டிருந்தேன். பால் பொங்கினால் சொல்கிற சொல்லாக அதை நான் சொல்லவில்லை. துப்புரவு வேலை செய்யும் மனிதர் உள்ளே வந்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதில்லை.

அவளுக்குப் பதினொரு தையல். எனக்கு உதட்டில் நான்கு.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். இனிமேல் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை என்று உப அதிபர் முடிவெடுத்திருந்தார். கல்விச் சபையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சுத்தமான ஆங்கிலம். எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று அவரே தொடக்கத்தில் சொன்னார்.

என் உதட்டையும், நான் செய்ததை எழுதியிருந்த தாளையும் பார்த்துவிட்டு அம்மா அழத் தொடங்கினார். "இதுக்கோ உன்னை இஞ்சை கொண்டுவந்தனான்? வீட்டை வா. உன்னைக் கொத்திப் புதைச்சுப்போட்டு நானும் சாவன்."

கழுத்துப்பட்டிக்காரர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஆங்கிலத்தில் அதைக் கேட்கும்போது எனக்கே பயமாக இருந்தது. உப அதிபரின் முகம் மாறியது.

"அம்மா சும்மா சொல்றா. அதுக்கு அப்பிடிப் பொருள் இல்லை" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு கழுத்துப்பட்டிக்காரரிடம் திரும்பினேன். "நீங்கள் சொல்லுங்கோ அங்கிள், அது சும்மா சொல்றது எண்டு."

"நான் என் கருத்தைச் சொல்ல முடியாது, தங்கச்சி" என்றார் அவர்.

உப அதிபர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முன்பு ஒரு தரம் என்னை நம்பியதால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். ரெலிபோனை எடுத்தார்.

அடுத்த கிழமை சிறுவர் பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைத் தனியாக அறைக்குள் கூட்டிப்போய்க் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார், முதுகைக் காட்டச் சொன்னார். அம்மா வெளியே கதிரையின் நுனியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி இருந்தார். மூன்று தரம் வந்தார்கள். பிறகு எங்கள் கோப்பு மூடப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. என்னிடமோ அப்பாவிடமோ அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஆனால் வீட்டில் என்ன கோபம் வந்தாலும் 'கொல்லுவன்' என்ற சொல்லை மட்டும் அவர் பிறகு சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

மட்டக்களப்புப் பையன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அவனுடைய குடும்பம் பிக்கரிங்கில் தமையன் வாங்கிய வீட்டுக்குப் போய்விட்டது. சித்திரை மாதத்தில், ஒரு சனிக்கிழமை, ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்து அவனைப் பார்க்கப் போனேன். புது வீடுகள், முற்றத்தில் புல் இன்னும் பிடிக்கவில்லை, வெறும் மண். அவன்தான் கதவைத் திறந்தான். முகத்தின் இடது பக்கம் அசையவில்லை. வாயின் ஓரம் தொங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணை விரலால் மூடிவிட்டுத் திறந்தான்.

சோபாவில் இருந்தோம். அவன் சுகம் கேட்டான், வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததை நான் சொல்லத் தொடங்கினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கால் விரிப்பைப் பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை அந்த அறையில் நடந்ததை, நெடுவல் சொன்னதை, நான் மாற்றிச் சொன்னதை, அந்தத் தாயின் கையைக்கூட விடாமல், முழுதையும் சொல்லி முடித்தேன்.

அவன் தலையைத் திருப்பினான்.

"என்னவோ சொன்னீங்க போல" என்றான். "அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்தேன். இரண்டாவது தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. இந்த முறை அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொல்லுவன் எண்டு அவன் சொன்னது உங்களுக்கு விளங்கினதா?"

"ஓம்."

"அது நானில்ல எண்டும் தெரியும்."

"ஓம். நீ எண்டு நான் நினைக்கேல்லை."

"வேற ஆள் எண்டா பரவாயில்ல எண்டு நினைச்சீங்களா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதை எவரும் அதுவரை என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

அவனுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவன் கோப்பையை வலது பக்கமாகப் பிடித்து, வழிந்துவிடாமல் கையால் உதட்டைத் தாங்கிக்கொண்டு குடித்தான். குடித்து முடித்துவிட்டு, இரசாயனக் குறிப்புகள் இருக்கின்றனவா, கொப்பியை ஒரு கிழமைக்குத் தர முடியுமா என்று கேட்டான். வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பிக்கரிங்கில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் பிந்திப் படித்து முடித்தான். என்னை மன்னித்துவிட்டதாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.